அப்பா பயன்படுத்திய மருத்துவக் கருவிகளை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பா நுரையீரல் அடைப்பு நோய், சர்க்கரை, கடைசியில் சிறுநீரகப் பழுது என்று சில வருடங்கள் வீட்டிலேயே படுக்கையில் இருந்து, இரண்டு மாதங்களுக்கு முன்பு காலமானார். அவருக்காக வாங்கிய ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர், பைபாப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் கருவி), நெபுலைசர், சக்‌ஷன் மெஷின், குளுக்கோமீட்டர், ஏர் பெட், வீல்சேர் எல்லாம் ஓர் அறை நிறைய இருக்கின்றன. பிரிக்காத கதீட்டர், சிரிஞ்ச் பெட்டிகளும் உண்டு. தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்க ஆசை. மாமா, "எல்லாத்தையும் அரை மணி நேரம் கொதிக்க வெச்சாப் போதும்" என்கிறார். அக்கா, "ஒருத்தர் உடம்புல பட்டதை இன்னொருத்தருக்குக் கொடுக்கவே கூடாது, தூக்கிப் போடு" என்கிறார். எது சரி? இன்னொன்றும் மனதை அரிக்கிறது. டயாலிசிஸ் செய்த இடத்தில் ரத்தத்தை வடிகட்டும் ஒரே டயாலைசரைக் கழுவிக் கழுவித் திரும்பப் போட்டார்கள். அதனால் அப்பாவுக்குக் கெடுதல் நடந்திருக்குமா?

பதில்: அப்பாவை இழந்த துக்கத்திலும் அடுத்தவர் தேவையை நினைக்கிறீர்கள், அதற்கு முதலில் என் வணக்கம். மருத்துவமனையின் கிருமிநீக்கப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் நான். தினமும் என் மேஜைக்கு வரும் கேள்வியும் இதுதான்: எதைத் திரும்பப் பயன்படுத்தலாம், எதைக் கூடாது. உங்கள் மாமா சொல்வதும் சரியில்லை, அக்கா சொல்வதும் சரியில்லை. பெரிய கருவிகளில் பெரும்பாலானவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். சிலவற்றை யார் கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: அந்தப் பொருள் உடம்பில் எங்கே பட்டது?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் 1960களில் வகுத்துக் கொடுத்த முறை, உலகம் முழுக்க மருத்துவமனைகள் இன்றும் அதை வைத்துத்தான் இயங்குகின்றன. ரத்தத்துக்குள்ளோ சதைக்குள்ளோ போகும் பொருளில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக் கூடாது. வாய், மூக்கு, மூச்சுக்குழாய் போன்ற ஈரமான உட்தோலில் படும் பொருளுக்கு, ஏறக்குறைய எல்லாக் கிருமிகளையும் கொல்லும் உயர்நிலைக் கிருமிநீக்கமாவது வேண்டும். வெறும் வெளித்தோலில் மட்டும் படும் பொருளுக்குச் சோப்பும் சாதாரணக் கிருமிநாசினியும் போதும். உங்கள் அறையில் இருக்கும் சாமான்களை இந்த மூன்று குவியலாகப் பிரியுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ரத்தம் பட்ட குவியலில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வீடுகளில் அதிகம் அலட்சியப்படுத்துவது இதைத்தான். விரலில் குத்தும் லான்செட், அதைப் பிடித்திருக்கும் பேனா மாதிரியான சாதனம், இன்சுலின் பேனா, இவை மூன்றும் யாருக்கும் கிடையாது. "ஊசியைத்தானே மாற்றிவிடுகிறோம், பேனாவைக் கொடுத்தால் என்ன" என்று கேட்பார்கள். ஊசி போட்டு எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பின்னோக்கி இன்சுலின் குப்பிக்குள் போக முடியும். புது ஊசி மாட்டினாலும் உள்ளே இருப்பது அதேதான். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்துபோன ரத்தத்தில், சாதாரண அறை வெப்பத்தில், குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும், துடைத்துவிட்டதுபோலத் தெரியும் இடத்தில்கூட. முதியோர் இல்லங்களில் பலருக்கு ஒரே விரல் குத்தும் சாதனத்தைப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் பி பரவிய சம்பவங்கள் பதிவாகி, இவை ஒரு ஆளுக்கு ஒன்றுதான் என்று 2010ல் அமெரிக்க அரசு நிறுவனங்கள் கண்டிப்பாக அறிவித்தன. ஒரே வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் சர்க்கரை என்றாலும் ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு லான்செட் சாதனம்தான். குளுக்கோமீட்டரையும் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ரத்தச் சொட்டோடு ஸ்ட்ரிப் செருகும் அந்தச் சந்துக்குள் நன்றாகத் துடைப்பதற்கு வழியில்லை.

கொதிக்க வைப்பதைப் பற்றி மாமாவுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். கொதிநீர் நல்ல ஆயுதம்தான், பெரும்பாலான பாக்டீரியாவும் வைரஸும் அதில் செத்துவிடும். ஆனால் டெட்டனஸ் மாதிரியான சில கிருமிகள் விதை போன்ற ஸ்போர் வடிவத்துக்குப் போய்விடும், 100 டிகிரி அவற்றுக்குப் போதாது. அதனால்தான் நாங்கள் ஆட்டோகிளேவில் அழுத்தம் ஏற்றி, நீராவியை 121 டிகிரிக்கோ 134 டிகிரிக்கோ கொண்டுபோகிறோம். பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால், சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். கிருமி உண்மையில் செத்ததா என்று பார்க்க, வெப்பத்துக்கு எளிதில் சாகாத ஒரு பாக்டீரியாவின் ஸ்போர்களைச் சிறு குப்பியில் உள்ளே வைத்து, வெளியே எடுத்தபின் அது வளர்கிறதா என்று சோதிப்போம். பிரஷர் குக்கரும் அதே தத்துவம்தானே என்றால், தத்துவம் ஒன்றுதான். ஆனால் உள்ளிருந்த காற்று முழுவதும் வெளியேறியதா, குழாயின் உட்பக்கம் வரை நீராவி போனதா, பொருள் ஈரமில்லாமல் வெளியே வந்ததா என்று வீட்டில் உறுதி செய்ய முடியாது, பிளாஸ்டிக்காக இருந்தால் உருகியும் போகும்.

சரியாகக் கொதிக்காத ஊசி என்ன செய்யும் என்பதற்கு எகிப்தின் கதை ஒன்றே போதும். நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயான ஷிஸ்டோசோமியாசிஸுக்கு, 1980கள் வரை அங்கே ஊர் ஊராக ஊசி மருந்து போட்டார்கள். நல்ல நோக்கம், அரசாங்கமே நடத்திய திட்டம். கண்ணாடி சிரிஞ்சுகளை அரைகுறையாகக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஹெபடைடிஸ் சி ஒரு தலைமுறைக்கே பரவி, உலகத்திலேயே அந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. கொதிக்க வைத்தவர்களும் போதும் என்று நம்பித்தான் செய்திருப்பார்கள்.

அப்புறம், கொதிக்க வைப்பதற்கும் மருந்தில் ஊற வைப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்: கழுவுவது. ரத்தமோ சளியோ பட்ட பொருளை எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால், வாணலியில் முட்டை வெள்ளை இறுகுவதுபோல அந்தப் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும், அதற்கு அடியில் கிருமி பத்திரமாக உட்கார்ந்திருக்கும். முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும், பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், பிறகு அலசி, அதற்கப்புறம்தான் கிருமிநீக்கம். எங்கள் பிரிவில் கத்தரிக்கோலின் மூட்டு இடுக்கை பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம், குழாய் என்றால் அதன் உள்விட்டத்துக்குத் தக்க பிரஷ்ஷை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுப்போம். பிரஷ் போக முடியாத பொருளைக் கழுவ முடியாது, கழுவ முடியாத பொருளில் எந்த மருந்தும் வேலை செய்யாது. பித்தக்குழாய்ச் சிகிச்சைக்குப் பயன்படும் டியோடினோஸ்கோப்பின் நுனியில் ஒரு சிறு அசையும் பகுதி இருக்கிறது, அதன் பின்னால் இருக்கும் இடுக்கில் கிருமி தங்கி, தயாரிப்பாளர் சொன்னபடியே சுத்தம் செய்தாலும் நோயாளியிலிருந்து நோயாளிக்குத் தொற்று பரவலாம் என்று 2015ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே அப்படி என்றால், வீட்டில் மூக்கு வழியாகப் போட்ட உணவுக்குழாயையோ சிறுநீர்க் கதீட்டரையோ ஊற வைத்து இன்னொருவருக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி கொடுக்கக் கூடியவற்றுக்கு வருவோம்.

நெபுலைசரில் மோட்டார் பெட்டியைக் கொடுக்கலாம். மருந்து ஊற்றும் கப், மாஸ்க், வாயில் வைக்கும் பகுதி, குழாய், இவை நான்கையும் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சிறு ஃபில்டரை மாற்றி, பெட்டியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக் கொடுங்கள். புது கப் செட் தனியாகவே கிடைக்கும், அதை வாங்கிப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. வாங்கிக்கொள்பவரிடம் இதையும் சொல்லுங்கள்: ஒவ்வொரு முறை மருந்து பிடித்த பிறகும் கப்பைப் பிரித்துச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், தினம் ஒரு முறை கிருமிநீக்கம் செய்ய வேண்டும். தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் 5 நிமிடம் கொதிக்க வைப்பது நல்ல முறை. உதறிவிட்டு, சுத்தமான துணியில் விரித்துக் காற்றில் உலர்த்த வேண்டும், ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் செய்த வேலை வீண். சூடோமோனாஸ் போன்ற கிருமிகளுக்குத் தேவை கொஞ்சம் ஈரம் மட்டும்தான். வினிகரில் ஊற வைப்பதை நம்ப வேண்டாம், அது நம்பகமான கிருமிநாசினி இல்லை.

கான்சன்ட்ரேட்டர் விஷயத்தில் கிருமியைவிட எனக்கு வேறொரு பயம்தான் பெரிது. இந்த மெஷின் அறைக் காற்றை இழுத்து, உள்ளே இருக்கும் ஜியோலைட் துகள்களால் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, 93 சதவீதம் அளவுக்கு ஆக்ஸிஜனாக்கி வெளியே விடுகிறது. அந்தத் துகள்கள் காலப்போக்கில், குறிப்பாக ஈரக்காற்றில், திறனை இழக்கும். இழந்த பிறகும் மோட்டார் ஓடும், குழாயில் காற்று வரும், மீட்டரில் உருண்டை 5 லிட்டரில் நிற்கும், ஆனால் வருவதில் ஆக்ஸிஜன் குறைவு. மூச்சுத் திணறும் ஒருவர் அதை நம்பிப் படுத்திருப்பார். அதனால் சர்வீஸ் செய்பவரை அழைத்து, ஆக்ஸிஜன் அனலைசர் வைத்து, முழு வேகத்தில் ஓட விட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் நிலையாக இருந்தால் நிம்மதியாகக் கொடுக்கலாம், 82க்குக் கீழே போனால் அது நோயாளிக்கு உரிய கருவியே இல்லை, இடையில் இருந்தால் பழுது பார்க்காமல் கொடுக்க வேண்டாம். ஃபில்டர்களைப் புதிதாக மாற்றுங்கள். மூக்குக் குழாயும் தண்ணீர் பாட்டிலும் புதியவை.

பைபாப்புக்கும் இதே கணக்கு: மாஸ்க், ஹோஸ், தண்ணீர்த் தொட்டி, ஃபில்டர் புதியவையாக இருக்க வேண்டும். கூடவே மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சத்தம் குறைக்க வைத்த ஃபோம் சிதைகிறது என்று 2021ல் பிலிப்ஸ் நிறுவனம் இந்த வகைக் கருவிகளைப் பெரிய எண்ணிக்கையில் திரும்பப் பெற்றது. ஒருவர் கைமாற்றி இன்னொருவருக்குப் போன கருவிகளுக்கு இந்த மாதிரி அறிவிப்புகள் போய்ச் சேருவதே இல்லை. இன்னொன்று, இந்தக் கருவியில் அழுத்த அளவு உங்கள் அப்பாவுக்காக வைத்தது. புதியவரின் மருத்துவர் சொல்லாமல் அதை அப்படியே மாட்டிவிடக் கூடாது.

சக்‌ஷன் மெஷினில் ஜாடிக்கும் பம்ப்புக்கும் நடுவே வட்டமாக ஒரு ஃபில்டர் இருக்கும். அதைக் கழற்றிப் பாருங்கள். ஈரம் பட்ட கறையோ நிறமாற்றமோ தெரிந்தால், ஜாடி எப்போதோ நிரம்பி வழிந்து சளி பம்ப்புக்குள் போயிருக்கலாம், உள்பக்கத்தை நம்மால் சுத்தம் செய்ய முடியாது, சர்வீஸுக்குப் போக வேண்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் புது ஃபில்டர், புது ஜாடி, புதுக் குழாயோடு மெஷினைக் கொடுக்கலாம்.

ஏர் பெட்டுக்கு மேலுறை இருந்தால் ஜிப்பைத் திறந்து உட்பக்கத்தைப் பாருங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே மஞ்சள் கறை ஊறியிருக்கும். அப்படி இருந்தால் போட்டுவிடுங்கள், மனசு கேட்கவில்லை என்றாலும். கறை இல்லை, காற்று கசியவில்லை என்றால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ப்ளீச் கலவையால் துடைத்து, 10 நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரில் மறுபடி துடைத்துக் காயவையுங்கள். 5 சதவீத ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், அதுவே ரத்தம் சிந்திய இடத்துக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு. அன்றன்று கலந்துகொள்ள வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிடோடு ப்ளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். வீல்சேருக்கும் இதே துடைப்புதான், இரும்புப் பகுதியில் ப்ளீச் தங்கினால் அரிக்கும் என்பதால் அங்கே உடனே ஈரத்துணி போடுங்கள். கைப்பிடி உறை, பெல்ட், சக்கரத்தில் சுற்றியிருக்கும் முடி, இவற்றைப் பலர் மறக்கிறார்கள். பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள்.

பிரிக்காத பெட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உறை கிழியாமல், நனைந்து காய்ந்த தடமில்லாமல், காலாவதித் தேதி தாண்டாமல் இருந்தால் அவை புதியவைதான், கொடுக்கலாம். ஆனால் சைஸ் எண் தெரியும்படி உறையோடு கொடுங்கள், கதீட்டர் போடுவது செவிலியர் வேலை. உறையில் வட்டத்துக்குள் 2 என்ற எண்ணும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருந்தால், ஒரே முறைதான் பயன்படுத்த வேண்டும் என்று பொருள். பாதி பிரித்த உறை என்றால் யோசிக்கவே வேண்டாம், குப்பைதான். மிச்சமிருக்கும் இன்சுலினைக் கொடுக்காதீர்கள், அது எந்தச் சூட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது டயாலைசர். உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான் என்று எனக்குப் பட்டது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

டயாலைசருக்குள் தலைமுடிபோல மெல்லிய, உள்ளே துளையுள்ள இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவற்றுக்குள் ரத்தம் ஓடும்போது வெளியே ஓடும் திரவம் கழிவை இழுத்துக்கொள்கிறது. இதை அதே நோயாளிக்குத் திரும்பப் பயன்படுத்துவது ரகசியமாகச் செய்யும் திருட்டு வேலை இல்லை, நெறிமுறை உள்ள நடைமுறை. 1990களில் அமெரிக்காவிலேயே பெரும்பாலான டயாலிசிஸ் மையங்கள் இப்படித்தான் செய்தன, ஒரே முறை பயன்படுத்தும் டயாலைசர்களின் தரம் கூடி விலை இறங்கிய பிறகு அங்கே அது குறைந்தது. நெறிமுறை என்ன? ஒரு டயாலைசர் ஒரே ஆளுக்குத்தான், பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சுத்தமான நீரால் உள்ளும் புறமும் அலசி, இழைகளின் கொள்ளளவை அளக்க வேண்டும். புதிதாக இருந்தபோது இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டும். கசிவு இருக்கிறதா என்று சோதித்து, பெராசெட்டிக் அமிலம் போன்ற கிருமிநாசினியை நிரப்பி வைக்க வேண்டும். அடுத்த முறை போடும்முன், அந்த அமிலத்தின் மிச்சம் இல்லை என்று ஸ்ட்ரிப் வைத்து உறுதி செய்து, நோயாளியின் பெயரை இரண்டு ஊழியர்கள் சரிபார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு மறுபயன்பாடு கூடாது.

மறுபயன்பாடு என்றாலே இரண்டாம்தர சிகிச்சை என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. இதயத்தில் வைக்கும் பேஸ்மேக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒருவர் உடம்பில் இருந்த பேஸ்மேக்கர், ஆபத்தான இதயத் துடிப்பை மின் அதிர்ச்சியால் சரிசெய்யும் டிஃபிப்ரிலேட்டர் கருவிகளைச் சோதித்து, முழுமையாகக் கிருமிநீக்கம் செய்து, வாங்க வசதியில்லாத நாடுகளில் 1,051 பேருக்குப் பொருத்தி, புதிய கருவி வைத்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2020ல் வெளியானது. இரண்டு வருடத்தில் தொற்றிலோ கருவிக் கோளாறால் ஏற்பட்ட இறப்பிலோ புள்ளிவிவர ரீதியாகக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் பேட்டரி ஆயுள் பார்த்தார்கள், கழுவினார்கள், கிருமிநீக்கினார்கள், எழுதி வைத்தார்கள்.

ஆகவே உங்கள் அப்பாவுக்கு டயாலைசர் திரும்பப் போட்டார்கள் என்பதை மட்டும் வைத்து அவருக்குக் கெடுதல் நடந்தது என்று சொல்ல முடியாது. நுரையீரல், சர்க்கரை, சிறுநீரகம் என்று மூன்றும் சேர்ந்த உடம்பு மிகவும் களைத்த உடம்பு. உறுத்தல் போகவில்லை என்றால் அந்த மையத்தில் டயாலிசிஸ் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள், ஒவ்வொரு முறையும் கொள்ளளவும் சோதனை முடிவும் அதில் எழுதியிருக்க வேண்டும். டயாலிசிஸ் நடந்தவுடன் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள், சுத்தம் சரியில்லாத டயாலைசரின் முக்கியமான அடையாளம் அதுதான். அப்படி எதுவும் இல்லை என்றால், தயவுசெய்து இந்தச் சுமையை இறக்கி வையுங்கள். "நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ" என்று நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்வது கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. வருடக்கணக்கில் வீட்டில் வைத்து இத்தனையும் செய்தவர்கள் நீங்கள்.

கொடுக்கும் ஒவ்வொரு கருவியோடும் ஒரு தாள் வையுங்கள். எத்தனை வருடம் ஓடியது, எந்தத் தேதியில் எதை வைத்துச் சுத்தம் செய்தது, எந்தப் பகுதி புதிது, எதைப் புதிதாக வாங்க வேண்டும், கான்சன்ட்ரேட்டர் என்றால் அளந்த சதவீதம். பயன்படுத்திய ஊசிகளும் லான்செட்டுகளும் மிச்சம் இருந்தால் வீட்டுக் குப்பையில் கொட்டாதீர்கள், குப்பை அள்ளுபவர் கையில் குத்தும். தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மேலே "ஊசி" என்று எழுதி, அப்பா சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் மருத்துவக் கழிவுப் பிரிவில் ஒப்படைத்துவிடுங்கள். தாள் எழுதும்போது ஏதாவது கருவியில் சந்தேகம் வந்தால் மாடல் பெயரோடு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.